மின்மினி தோற்ற மாலை

என் மேசைமேல் ஓர் அட்டைக் கிரீடம் இருக்கிறது. எங்களுக்கு வந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை வெட்டி என் மருமகள் செய்தது. வெளியே பொன்னிறம். உள்ளே பார்த்தால் மாப்பிள்ளை பெயரில் பாதியும் ‘மதிய விருந்து’ என்ற சொற்களும் தெரியும். நடுவில் ஒரு கசங்கல் உண்டு. அது என் கை செய்தது.

நான் பாளையங்கோட்டையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பேத்தியைப் பேச்சுப் போட்டிக்குத் தயார்செய்தது நான்தான். மேடையில் பாதியில் மறந்துபோய் நின்றாள். திரும்பி வரும்போது ஆட்டோவில், “நம்ம வீட்டுல யாரும் இப்படி முழிச்சிக்கிட்டு நின்னதில்ல” என்றேன். அதன்பிறகு அவள் பள்ளிக்குப் போக மறுத்தாள். காலையில் வயிற்றுவலி என்பாள், பொய் என்பேன். மருமகள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மருமகள் கிரீடத்தோடு வந்தாள். தாயும் மகளும் வெகுநாளாக ஆடிவந்த விளையாட்டு. மந்திர சக்தி பெற்ற சிறுமிகள் ஊரைக் காப்பார்கள். ஆளுக்கொரு பாத்திரம், அந்தப் பாத்திரமாகவே பேச வேண்டும். சண்டை வந்தால் பகடையில் பெரிய எண் விழுந்தவருக்கு வெற்றி. மருமகள்தான் மின்மினி என்ற சிறுமி. அவளுடைய தோழியாக வர வேண்டிய பேத்தி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“மாமா, ஆத்தக் குடிக்க வந்த பூதமா நீங்க நடிக்கணும்.”

“எனக்கு நடிக்கத் தெரியாதும்மா.”

“சும்மா எப்பவும் போலப் பேசுங்க, போதும்.”

பேத்தியின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று.

அறைத் தரைதான் கொக்கிரகுளம் ஆற்றுப் பாலம். அங்கே சண்டை. பகடையில் எனக்கு ஆறு விழுந்தது, மருமகளுக்கு ஒன்று. எங்கள் வீட்டு மருமகள்கள் கேரம் ஆடினாலும் மாமனாரிடம் வேண்டுமென்றே தோற்பார்கள். அந்த நினைப்பில், “விட்டுக்குடுக்காத, இன்னொருக்க போடு” என்றேன்.

“பகடை நான் சொன்னா கேக்குமா மாமா? தோத்துட்டேன். இருங்க, ஒழுங்காத் தோக்கணும்லா.”

அவசரமே படாமல் தோற்றாள். மந்திரக்கோலாக வைத்திருந்த விசிறிக் காம்பைத் தரையில் கிடத்தி, முழந்தாளிட்டு, ஆறு ஓடுவதாக நினைத்த பக்கம் திரும்பி, “இன்னைக்கு என்னால முடியல, கோவிச்சுக்காத” என்றாள். முகத்தில் வருத்தம் இருந்தது, வெட்கம் இல்லை. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. “தோத்தவளுக்கு எதுக்குக் கிரீடம்?” என்று அவள் தலையிலிருந்து பிடுங்கிக் கசக்கினேன். அது நடிப்பல்ல.

அவள் மின்மினியாகவே நிமிர்ந்தாள். “பூதம் அண்ணாச்சி, அது ஒங்க கையிலயே இருக்கட்டும். நான் பைய நடந்து வீட்டுக்குப் போறேன். சாப்ட்டுத் தூங்கிட்டு, நாளைக்கு இதே பாலத்துக்கு வருவேன்.”

கட்டிலிலிருந்து பேத்தி எழுந்தாள். “நானும் வாரேன். மின்மினிக்குக் கால் வலிக்கும்லா” என்று தாயின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இருவரும் நொண்டி நொண்டி அடுக்களைக்குப் போனார்கள். நான் பாலத்தில் தனியாக நின்றேன். எத்தனையோ பிள்ளைகளை மேடையேற்றியிருக்கிறேன். தோற்ற பிள்ளை எப்படி வீடு திரும்புவது என்று ஒருவருக்கும் சொல்லித் தந்ததில்லை. மறுநாள் பேத்தி வயிற்றுவலியோடுதான் பள்ளிக்குப் போனாள். ஆனால் போனாள்.

இப்போது அவர்கள் இருவரும் என் மகன் வேலை பார்க்கும் ஊரில் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் செல்போனில் ஆட்டம் தொடர்கிறது. பூதம் நான்தான். போன வாரம் எனக்கு ஒன்று விழுந்தது. பகடையை மறுபடி கையில் எடுத்தேன்.

“தாத்தா, தோக்கணும்லா” என்றாள் பேத்தி.

கிரீடத்தை எடுத்துத் திரைக்கு நேரே நீட்டினேன். “ஒன் கிரீடம், மின்மினி. கசக்கினது தப்பு. ஆட்டோவுல பேசினதும் தப்பு” என்றேன்.

“பூதம் ஆட்டோவுலயா போவும்?” என்று பேத்தி சிரித்தாள். மருமகள் சிரிக்கவில்லை. “அங்கனயே வைங்க மாமா. லீவுக்கு வரும்போது வாங்கிக்கிடுதேன்” என்றாள்.

அதனால்தான் அது இன்னும் என் மேசைமேல் இருக்கிறது.