பாய்லரில் கிடந்த தண்ணீர்

என் வாய் சும்மா இருந்திருந்தால் அந்த எஞ்சின் இன்னும் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்திருக்கும். கண்காட்சியில் வைக்க ஓடுகிற நீராவி எஞ்சின் ஒன்று கிடைக்குமா என்று பள்ளியில் பேச்சு வந்தது. "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு டீச்சர்" என்று சொல்லித் தொலைத்தேன். அங்கே வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் நான். சோதனைக்குழாய் கழுவுகிறவள் வீட்டில் நீராவி எஞ்சினா என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெருமைக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டேன்.

அது என் அண்ணனுடையது. கிளிஞ்சல்மேட்டில் படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா வீட்டைக் காலி செய்தபோது, பழைய சாமான்களோடு சாமானாக வாங்கி வந்தான். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். பித்தளை பாய்லர், அடியில் ஸ்பிரிட் விளக்கு, விரல் பருமனில் சிலிண்டர், ஒரு சக்கரம். ஊர்த் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்துவிடும், உப்பில்லாத பேட்டரித் தண்ணீர்தான் ஊற்றுவேன் என்பான். பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டான்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் சுரக்குடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான், ஒரு பம்புசெட்டைப் பார்க்க. சுரக்குடி வயல் பக்கம். கடல் எட்டாத தூரம். எஞ்சினுக்கு ஸ்பிரிட் தீர்ந்திருந்தது. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். "நாளைக்குப் போயேண்ணே. நான் டவுனுக்குப் போயி ஸ்பிரிட் வாங்கிட்டு வந்துர்றேன். நீ தண்ணி ஊத்தி ரெடியா வை. நான் வராம பத்த வைக்காத" என்று கெஞ்சினேன். "பாக்கலாம் போ" என்றான். கடைக்குப் போய் வந்தால் "இவ்ளோ நேரமாடி ஒனக்கு?" என்று கேட்பதுதான் அவன் வழக்கம். அன்றைக்கு அதைக் கேட்க அவன் இல்லை. எங்கள் வீடும் இல்லை, தெருவும் இல்லை.

அம்மா அந்த நேரத்தில் மீன் கூடையோடு டவுன் மார்க்கெட்டில் இருந்தாள். அதனால் அவன் சுரக்குடிக்குக் கிளம்பி வழியில் மாட்டினானா, இல்லை நான் கேட்டேன் என்பதற்காக வீட்டிலேயே இருந்தானா என்று சொல்ல ஆளில்லை. மூன்றாம் நாள் அவன் உடலை வேறெங்கோ கண்டெடுத்தார்கள். வீடு இருந்த இடத்துச் சேற்றில் அம்மா இந்த எஞ்சினைக் கண்டெடுத்தாள்.

"மூடி தொறந்து கெடந்துச்சுடி. உள்ள கடலு பூந்துருக்கு. நான்தான் மூடி வச்சேன்" என்றாள். பாய்லரில் தண்ணீர் ஊற்றும் வாய்க்கு ஒரு திருகு மூடி உண்டு, அதைத்தான் சொன்னாள். "பாதியில போட்டுட்டு சுரக்குடிக்குக் கெளம்பிட்டான் எம்புள்ள."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் சோறு தின்றேன். மூடி திறந்து கிடந்தது என்றால் அவன் எனக்காக இருக்கவில்லை. நான் கெஞ்சியதை அம்மாவிடம் சொன்னதே இல்லை. நிவாரண முகாமில் என் பையிலிருந்த ஸ்பிரிட் பாட்டிலைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

எங்களுக்குக் கொடுத்த சுனாமி குடியிருப்பு வீட்டில், கூட்டுவதற்காக டிரங்குப் பெட்டியை நகர்த்தினால் உள்ளே களுக் என்று ஒரு சத்தம் வரும். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தச் சத்தம். அம்மா உடனே துடைப்பத்தை நிறுத்திவிட்டு அது அடங்கும்வரை நிற்பாள். நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

எஞ்சினைக் கேட்டபோது அம்மா மறுக்கவில்லை. "தொடைச்சுக்க, எண்ணெ விட்டுக்க. மூடிய மட்டும் தொறக்காத. உள்ள கடலு கெடக்கு" என்றாள்.

கோடை விடுமுறை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். புளி போட்டுப் பித்தளையைத் தேய்த்தேன். இறுகிப்போன பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தேன். ஒன்பதாம் நாள் அது வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. சந்தோஷத்தில் ஜன்னலில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். உச்சி வெயில் பாய்லர் மேல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டாவது கவளம் எடுக்கும்போது சக்கரம் தானாக அரைச் சுற்று சுற்றி நின்றது.

வெயிலில் உள்ளே இருந்த காற்று விரிந்து பிஸ்டனைத் தள்ளியது, அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பாடம். ஆனால் அது சுனாமிச் சேற்றில் அடைபட்ட காற்று. கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தேன். இரண்டு நாள் அந்த ஜன்னல் பக்கமே போகவில்லை. அம்மா போனாள். சக்கரத்தைத் தொட்டு, "அவசரப்படுறான்" என்றாள்.

பழைய தண்ணீரை வைத்துக்கொண்டு தீ மூட்ட முடியாது. மூடியைத் திறந்தே ஆக வேண்டும். அம்மா மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து உட்கார்ந்தேன். ஆய்வகத்திலிருந்து நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் துளியூண்டு கொண்டுவந்திருந்தேன். திருட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். உப்புத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விழுந்தால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகும். கடல்தான் என்று என் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன்.

மூடி கையால் அசையவில்லை. ஸ்பேனர் போட்டு முழு பலத்தோடு திருப்பினேன். வெளியே வந்த திருகில் வெள்ளை டேப் மூன்று சுற்று சுற்றியிருந்தது. மடிப்பில்லாமல், ஒரே சீராக. அண்ணன் எந்தக் குழாயை மூட்டினாலும் அப்படித்தான் சுற்றுவான். மீன் கூடை தூக்கிய அம்மாவின் கைக்கு அது வராது.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தண்ணீரை ஒரு டம்ளரில் சாய்த்தேன். வெளிர்பச்சையாக, செம்பு வாடையோடு இருந்தது. ஒரு குழாயில் அதைக் கொஞ்சம் எடுத்தேன். இன்னொன்றில் காலையில் கரையிலிருந்து பிடித்துவந்த கடல் தண்ணீர். இரண்டிலும் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் சொட்டு விட்டேன். கடல் தண்ணீர் உடனே வெள்ளையாகித் திரிந்தது. அவனுடையது அப்படியே இருந்தது. குலுக்கினேன். வெளிச்சத்தில் பிடித்தேன். கெஞ்சக்கூடச் செய்தேன். மாறவில்லை. பேட்டரித் தண்ணீர். ஊற்றி, மூடி, டேப் சுற்றி, நான் வருவேன் என்று அவன் உட்கார்ந்திருக்கிறான்.

முதுகுக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியாது. என் கையிலிருந்த குழாய்களை அவள் பார்க்கவே இல்லை. டம்ளரில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"உப்புதான். கடலுதான்டி" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

"கீழ கொட்டிறாத. அதையே ஊத்து. பத்த வை."

டம்ளரில் இருந்ததைப் பாய்லரில் ஊற்றி, அவன் செய்த மாதிரியே மூன்று சுற்று டேப் சுற்றி மூடினேன். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தேன். பாய்லர் முதலில் முனகியது. பிறகு சிலிண்டரிலிருந்து ஒரு சொட்டு கக்கியது. நான் தொடவே இல்லை. சக்கரம் சுழல ஆரம்பித்தது. ஆவி அம்மா முகத்தில் போய் மோதியது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். யாராவது பார்த்திருந்தால் இரண்டு பெண்கள் விளையாட்டுச் சாமானைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தண்ணீர் தீரப்போகும்போது விளக்கை ஊதி அணைத்தேன். சக்கரம் மெதுவாகி நின்றது. சூடு ஆறியதும் அம்மா எஞ்சினைத் தூக்கிக் காதோரம் வைத்துப் பழக்கப்படி ஆட்டினாள். களுக் சத்தம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவனுடைய அதே இழுப்போடு, அவன் சிரிக்கிற மாதிரியே உதட்டோரம் லேசாகக் கோண, கேட்டாள்:

"ஸ்பிரிட்டு வாங்கிட்டு வர இவ்ளோ நேரமாடி ஒனக்கு?"