சகலையின் கட்டை வளையவில்லை

தெருவில் எல்லோரும் அவரை, கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்காமல் அவரால் உட்கார முடியாது. பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தவர், பாதியில் எழுந்துபோய் ஒரு படத்தைத் திருத்திவிட்டு வந்து மறுபடி வாயைப் பிளந்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் கடைந்த கோல் கோணினால், அந்தக் கொடுமையை யாரிடம் சொல்லி அழுவது?

இருபது வருடம் கட்டில்காலும் மேசைக்காலும் கடைந்த கை அது. தெருக்கோடியில் பில்லியர்ட்ஸ் கிளப் வந்த பிறகு கோல் செய்யத் தொடங்கினார். கோலில் கையால் பிடிக்கும் பாதியை எப்படியும் சமாளிக்கலாம். பந்தைத் தொடும் முன்பாதி, ஆட்டக்காரர்கள் ஷாஃப்ட் என்பார்கள், அது மயிரிழை வளைந்தாலும் போச்சு. மேசைமேல் உருட்டினால் காட்டிக் கொடுத்துவிடும். நேரானது சத்தமில்லாமல் உருளும். வளைந்தது நொண்டிக்கொண்டே போகும். பல் டாக்டர் ஒன்பது வருடம் இவரிடம்தான் கோல் வாங்கினார். போன மழைக்காலத்தில் மூன்றாவது ஷாஃப்டும் நொண்டியதும், ஒரு வார்த்தை சொல்லாமல் சகலையிடம் போய்விட்டார்.

அங்கேதான் வயிறு பற்றிக்கொண்டது. வேறு யாரிடம் போயிருந்தாலும் தாங்கியிருப்பார். சகலை, அதாவது இவர் மனைவியின் தங்கை கணவர், நேற்றுவரை கடிகாரம் பழுதுபார்த்தவர். லேத் வாங்கியே ஐந்து வருடம்தான் ஆகிறது. மனைவி வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

“டாக்டருக்கு அவர் கோல் ரொம்பப் பிடிச்சிருக்காம். தங்கச்சி சொன்னா.”

“நான் கேட்டேனா?”

“வாய் கேக்கலை. மூஞ்சி கேட்டுச்சு.”

இத்தனைக்கும் மரம் பொறுக்குவதில் ரசமட்டத்தை மிஞ்ச ஆளில்லை. மேப்பிள் கட்டையைத் தட்டிக் கேட்டு, ரேகை ஓடும் வாக்கைப் பார்த்து, நூற்றில் பத்தை எடுப்பார். ஆனால் பொறுமை மட்டும் கிடையாது. முதல் கடைசல் முடிந்த ஒரே வாரத்தில் ஏதாவது ஒன்று கோணினால், “நாய் வாலு, நிமிராது” என்று அதன் நுனி முகத்தில் ரம்பத்தால் பெருக்கல் குறி கீறிக் கொல்லையில் வீசுவார். தப்பித்ததை மூன்றே வாரத்தில் கடைந்து முடிப்பார். வீசியதையெல்லாம் கொழுந்தியாள் வந்து, தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்க ஆகும் என்று கட்டாக அள்ளிப் போவாள். குப்பை ஒழிந்தது என்று இவரும் விட்டுவிடுவார்.

சகலை மனைவியோடு தன் அப்பாவைப் பார்க்கப் பத்து நாள் வெளியூர் போக வேண்டி வந்தது. பட்டறைச் சாவியை இவர் கையில் கொடுத்தார்.

“அண்ணே, டாக்டரோட ஷாஃப்ட் ஒண்ணு தொங்குது. ஈரம் மட்டும் படாம பாத்துக்கோங்க. உங்களை விட்டா யாரை நம்பறது?”

பாலுக்குப் பூனை காவல்.

அன்றைக்கே போனார். கொக்கியில் ஒரே ஒரு ஷாஃப்ட், கூடவே ஏதோ சீட்டு. எடுத்து மேசையில் உருட்டினார். சத்தமில்லை. பாவி, ஒரு குற்றம் சொல்லக்கூட இடம் வைக்கவில்லையே! அடுத்துத் தான் செய்ததை அவர் பிற்பாடு நினைக்கவே விரும்பியதில்லை. ஷாஃப்டைப் பட்டறையை ஒட்டிய துணி துவைக்கும் அறைக்குக் கொண்டுபோய், குழாய் சொட்டும் மூலையில், நுனி தரையில் ஊன்றச் சாய்த்து வைத்தார். சாய்த்து வைத்தாலே கட்டைக்கு முதுகு வளையும். ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகு தூக்கம் சரியில்லை. குற்ற உணர்ச்சி கால்வாசி, முக்கால்வாசி ஆவல்.

பத்தாம் நாள் காலை அதை எடுத்துத் துடைத்து உருட்டினார். சத்தமில்லாமல் உருண்டது. மறுபடி உருட்டினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார்.

“வளைஞ்சு தொலையேன்,” என்று கட்டையிடமே கெஞ்சினார்.

அப்போதுதான் நுனி கண்ணில் பட்டது. ஈரம் ஏறாமலிருக்கச் சகலை பூசிய மெழுகு, தரையில் உரசிப் பெயர்ந்திருந்தது. அடியில் ரம்பம் கீறிய பெருக்கல் குறி. அவர் கை கீறிய குறி. கொக்கியில் கிடந்த சீட்டை இப்போதுதான் படித்தார். கடைசலுக்கு ஒன்றாக எட்டுத் தேதிகள். முதலுக்கும் கடைசிக்கும் நடுவே மூன்று வருடம்.

“அண்ணே!”

வாசலில் சகலை, பையைக்கூட இறக்கவில்லை. பெயர்ந்த மெழுகைப் பார்த்தார், இவர் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தார். ஆனால் தலைகுனிந்தது அவர்தான்.

“பாத்துட்டீங்களா? சொன்னா கட்டை தர மாட்டீங்கன்னு பயம். எனக்கு மரம் பாக்கத் தெரியாதுண்ணே. உங்க கண்ணு எனக்கு வருமா? அந்தப் பொறாமையில எத்தனை நாள் தூங்காம கிடந்திருக்கேன்! அதான் நீங்க வீசினதை எடுத்து, கொஞ்சம் கடைஞ்சு தொங்கவிடுவேன். அது கோணுற வரைக்கும் கோணட்டும்னு விட்டுட்டு, அப்புறம் மறுபடி கொஞ்சம்...”

“தக்காளிச் செடிக்குன்னு சொன்னாளே?”

“எங்க வீட்டுல சுத்தி சிமெண்ட் தரைண்ணே. செடி ஏது?”

எத்தனை தரம் வந்த வீடு! கோணல் படத்தைத் தேடிய கண் ஒரு தரம்கூடத் தரையைப் பார்த்ததில்லை.

“இதைக் குழாயடியில வெச்சிருந்தேன்,” என்றார் ரசமட்டம். “வேணும்னேதான்.”

சகலை ஷாஃப்டை வாங்கி ஒரு தரம் உருட்டிப் பார்த்தார்.

“இன்னும் பத்து நாள் இருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது,” என்றார். “நீங்க பொறுக்கின கட்டையாச்சே.”

வீட்டுக்கு நடக்கும்போது ரசமட்டம் கணக்குப் போட்டார். வருடத்துக்கு இருபது வீசியிருப்பார். ஐந்து வருடத்துக்கு நூறு. நூறு ஷாஃப்டும் சத்தமில்லாமல் உருள்வது காதில் கேட்டது. வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது. யாரைத் திட்டுவது என்பதுதான் இப்போது அவருக்குத் தெரியவில்லை.