கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த கயிறு

பழைய கல்லூரிப் படம் ஏதாவது தொலைக்காட்சியில் ஓடினால் எனக்கு ஒரு கயிறு ஞாபகத்துக்கு வந்துவிடும். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற தேங்காய் நார்க் கயிறு. எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் அறைத்தோழியின் அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் திருவண்ணாமலைக்கு வந்து, எங்கள் பெண்கள் கல்லூரி விடுதியின் தாழ்வாரத்தில் நின்றார்.

"நேத்து கொட்டாய்ல படம் பாத்தேன். நீங்கல்லாம் படிக்கிற லட்சணம் தெரிஞ்சி போச்சி. பொட்டிய எட்துகினு வா, ஊருக்குப் போலாம்," என்றார் மகளிடம்.

அந்தக் காலத்துச் சினிமாவில் பெண்கள் கல்லூரி என்றால் பந்து விளையாடுவார்கள், மழையில் ஆடுவார்கள், வாத்தியாரைக் கிண்டல் செய்வார்கள். ஒருத்தியும் புத்தகத்தைப் பிரிக்கமாட்டாள். அவர் பார்த்த படத்தில் கதாநாயகன் சேலை கட்டிக்கொண்டு, சமையல்காரி வேஷத்தில் விடுதிக்குள்ளேயே குடிவந்துவிடுகிறானாம். கொட்டாயே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். இவர் விடியும்வரை தூங்கவில்லை. அவர்கள் வீட்டில் பள்ளிப்படிப்பைத் தாண்டிய முதல் பெண் என் தோழி. கெமிஸ்ட்ரியில் வகுப்பிலேயே முதல். அவள் உள்ளே போய்த் துணிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். நான்தான் வார்டன் அறைக்கு ஓடினேன். அவர் வெளியே போயிருந்தார்.

எங்கள் சமையலம்மா நல்ல உயரம், குரலும் கட்டை. "காப்பி குடிக்கிறீங்களா?" என்று அவர் கேட்டதும் அப்பா அவரை உச்சி முதல் கால்வரை பார்த்தார்.

"நெசமாவே பொம்பளதானா நீ?"

"நாலு புள்ள பெத்தவங்க நான்."

"உள்ள போயி நானே பாக்கறேன். வழிய வுடு."

சமையலம்மா நகரவில்லை. நிலைப்படியில் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டார். "பெத்த அப்பனா இருந்தாலும் இந்த வாசப்படி தாண்டக் கூடாதுங்க. வேணும்னா என்னைத் தள்ளிட்டுப் போங்க."

அந்த வாசற்படியை ஜெயில் என்று நாங்கள் எத்தனை முறை சபித்திருக்கிறோம்! அப்பா கயிற்றைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். அடித்தேவிடுவார் என்று பயந்தேன். வெகுநேரம் அவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் தோழி பெட்டியோடு வந்துவிட்டாள். சமையலம்மா ஒரு கையை மட்டும் எடுத்து அவளுக்கு வழிவிட்டார்.

தகரப் பெட்டியின் கொக்கி உடைந்திருந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி இறுக்கினார். எல்லாம் முடிந்துபோயிற்று என்று நினைத்தேன். முடிச்சைப் போட்டுவிட்டு, பெட்டியை மகளின் பக்கமே தள்ளினார்.

"கொக்கி போயிருக்கு. பத்தரமா வெச்சிக்க," என்றார். பிறகு சமையலம்மாவின் முகத்தைப் பார்க்காமலே, "காப்பி குடுங்க," என்றார்.

நேற்றும் அப்படியொரு படம். கதாநாயகன் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு விடுதிக்குள் நுழைகிறான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் அவனைத் தடுக்க ஒருத்தருமே இல்லை; எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற என் தோழியின் வேங்கிக்கால் வீட்டுப் பரணில் அந்தப் பெட்டி இருக்கிறது. கொக்கியை அவள் இன்றுவரை மாற்றவில்லை. கயிறுதான்.