வெல்டா ஊதிய விசில்

அந்த வசந்தத்தில் எங்கள் காளான் பறிக்கும் கூட்டத்தில் வெல்டா ஹாகனைச் சமையலுக்குத் தள்ளியது அவளுடைய சொந்தத் தம்பி ஆர்லோதான். இடுப்பில் ஆபரேஷன் செய்து மூட்டு மாற்றிக்கொண்டு வந்தவள் மலை ஏறக் கூடாது, முகாமில் இருந்து எங்களுக்குச் சாப்பாடு போட்டால் போதும் என்று கறாராகச் சொல்லிவிட்டான். அமெரிக்காவின் மொன்டானாவில் எந்தக் காடு எரிந்தாலும், மறு வசந்தத்தில் அந்தச் சாம்பலில் முளைத்து நல்ல விலைக்குப் போகும் மோரல் காளானைப் பறிக்க முதல் ஆளாக வந்து நின்றவள் அவள். அவளைப் போய்க் கரண்டி பிடிக்கச் சொன்னால்? இந்த வருஷம் மலை ஏறாவிட்டால் இனி எந்த வருஷமும் விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஏறிய நாங்கள் மட்டும் என்ன கிழித்தோம்? தினமும் உச்சிவரை போய், கரியாக நின்ற மரங்களுக்கிடையே காலி வாளியோடு இறங்கி வந்தோம். ஆர்லோ பனியைத் திட்டினான், தீயைத் திட்டினான், பீன்ஸில் உப்பு அதிகம் என்று அக்காவையும் திட்டினான். அன்றைக்கே அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

மறுநாள் நாங்கள் கிளம்பியதும் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு வாளியை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் பின்னால் இருந்த சரிவில் ஏறியிருக்கிறாள். நாங்கள் தினமும் மிதித்துக்கொண்டு போன சரிவுதான். மண்ணுக்கடியில் வேர் எரிந்துபோன இடம் பொந்தாகி, மேலே சாம்பல் மூடிக் கிடக்கும். அப்படியொன்றில் ஒரு கால் தொடைவரை இறங்கிவிட்டது. காலை உருவிவிட்டாள், பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது. வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு உட்கார்ந்தவள் மேல்பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். உதிர்ந்த பழுப்பு ஊசியிலைகளுக்கு அடியில், தேன்கூடுபோல் குழிகுழியாக ஒரு காளான் தலை. பக்கத்தில் இன்னொன்று. அதற்கு மேலே வரிசையாக.

மூன்று முறை விசில் கேட்டால் யாருக்கோ ஆபத்து என்று எங்களுக்குள் ஏற்பாடு. அன்று மூன்று முறை கேட்டதும் விழுந்தடித்து ஓடினோம். ஆர்லோவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, எங்க அடிபட்டுச்சு?"

"அடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாளி நெறஞ்சு போச்சு, கோட்டும் நெறஞ்சு போச்சு. ஒத்தக் கால் பூட்ஸோட எப்படிடா தூக்கிட்டு வருவேன்?"

ஒரே முகாமில் தங்கினாலும் எங்கள் கூட்டத்தில் அவரவர் காளான் இடத்தைக் கூடப்பிறந்தவனுக்குக்கூடக் காட்டமாட்டார்கள். ஆர்லோ தன் இடத்துக்கு ஒரு மைல் தள்ளித்தான் வண்டியையே நிறுத்துவான். இவளோ விசில் ஊதி ஊரையே கூப்பிட்டிருக்கிறாள்! அவன் சரிவை மேலும் கீழும் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை.

"நின்னுகிட்டுப் பாத்தா என்னடா தெரியும்? உக்காரு."

உட்கார்ந்தான். நாங்களும் சாம்பலில் உட்கார்ந்தோம். அப்புறம்தான் பார்த்தோம், சரிவு முழுக்கக் காளான். அன்று சாயங்காலம்வரை பெரிய ஆட்கள் அத்தனை பேரும் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே மலை ஏறினோம். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

மறுநாள் காலை வெல்டா வாளியோடு முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால். பீன்ஸ் வேகவைக்க ஆர்லோ முகாமில் இருந்தான். உப்பே போடவில்லை.