கஞ்சக்கா பிடுங்கிய கேபிள்

என் ஓரகத்தியை எங்கள் குடியிருப்பில் எல்லோரும் கஞ்சக்கா என்றுதான் சொல்வார்கள். நேருக்கு நேர் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. லிஃப்ட் கதவு மூடிய பிறகு சொல்வார்கள். பேர் வைத்தவர்கள் முதல் பிளாக்காரர்கள். நானும் அந்தப் பிளாக்தான் என்பதால் சத்தமாகச் சண்டை போடவும் வழியில்லை. இத்தனைக்கும் அவர் கஞ்சத்தனம் பண்ணியது காசில் இல்லை, வெந்நீரில்.

ஐந்து பிளாக்குகளுக்கும் சேர்த்து ஒரே பாய்லர் அறை, அதில் நான்கு பாய்லர்கள். அவை காய்ச்சும் தண்ணீர் குழாய் வழியே ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டருக்குள்ளும் ஓடித் திரும்பும். குளிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைப்பது அதுதான். பாய்லர் அறையை ஒட்டி இருப்பதால் முதலில் வாரிக்கொள்வது நாங்கள். வெளியே பனி கொட்டும்போதும் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பனியனோடு திரிவோம். கடைக்கோடியில் இருக்கும் ஐந்தாம் பிளாக்குக்குப் போய்ச் சேர்வது மிச்சம் மீதிதான். அந்தப் பிளாக்கின் மேல்மாடியில்தான் எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், தனியாக இருக்கிறார்.

அக்கா முதலில் ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி மேசையில் நின்றவர். நீராவி வராதபோதெல்லாம் பாய்லர்காரரைத் தேடித் தேடி அலுத்துப்போய், தானே லைசென்ஸ் பரீட்சைக்குப் பணம் கட்டினார். முதல் தடவை தேறவில்லை. இதெல்லாம் உங்களுக்கு எதற்கு அண்ணி என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அக்கா மறுபடி எழுதினார். அவருடையது உடும்புப் பிடி. இன்றைக்கு எங்கள் பாய்லர் அறை முழுக்க அவர் பொறுப்பு.

போன குளிர்காலத்தில்தான் வினை வந்து சேர்ந்தது. நான்கு பாய்லர்களையும் ஒரே கேபிளில் கோத்து, குடியிருப்புச் சங்கம் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை மாட்டியிருந்தது. எது எரிய வேண்டும், எது ஓய வேண்டும் என்று பெட்டி சொல்லும், பாய்லர்கள் கேட்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு நாள் எலி அந்தக் கேபிளைக் கடித்துவிட்டது. பெட்டியிடமிருந்து பேச்சு வராவிட்டால் அணைந்துவிட வேண்டும் என்று அமைத்திருந்தார்கள். நான்கும் சமர்த்தாக அணைந்து நின்றன. நாங்கள் ஜன்னலை மூடிக்கொண்டு தப்பித்தோம். ஐந்தாம் பிளாக்கில் குழாய் உறைந்து வெடித்தது. அத்தை கோட்டும் கையுறையுமாகக் கட்டிலில் சுருண்டு கிடந்தார். அந்தப் பிளாக்குக்கு இனியும் சூடு போகாவிட்டால் அதைப் பூட்டிவிடுவது என்று சங்கக் கூட்டத்தில் முடிவானது.

பூட்டினால் அத்தை எங்கே போவார்? அக்கா வீட்டில் இருப்பது ஒரே அறை. எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். ஒரே அடுப்படியில் அத்தையும் நானும் ஒரு வாரம் தாங்க மாட்டோம், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. அத்தைக்கும் வர இஷ்டமில்லை. யார் வீட்டிலும் ஒண்ட மாட்டேன், என் சாவிக்கொத்து என் இடுப்பில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். அந்தச் சாவி அத்தையிடமே இருக்க வேண்டும் என்று அக்கா கங்கணம் கட்டிக்கொண்டார்.

பெட்டி மாட்டிய நிறுவனத்தின் இன்ஜினீயரைக் கூப்பிட்டுப் பேசினார். கேள்வி கேட்பாரில்லாமல் பாய்லர் எரிவது ஆபத்தாயிற்றே என்று அவர் தயங்கினார். அதில் நியாயம் இருந்தது.

“அணைஞ்சு நிக்கிறது பாய்லருக்குப் பாதுகாப்பு சார். எங்க அத்தைக்கு அது பாதுகாப்பில்ல,” என்றார் அக்கா.

அளவுக்கு மீறிச் சூடானால் தானே அணைகிற சுவிட்சு ஒவ்வொரு பாய்லரிலும் தனியாக உண்டு, அதை யாரும் தொடப் போவதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். கேபிள் போனால் ஒவ்வொரு பாய்லரும் தன் பாட்டில் மிதமான சூட்டில் எரிய வேண்டும். இன்ஜினீயர் இன்னொன்றும் சொன்னார். பெட்டி பார்த்துக்கொள்ளாத நேரத்தில் தண்ணீர் முழுவதையும் முதல் பிளாக்கே குடித்துவிடும், அதற்கும் ஒரு கடிவாளம் வேண்டும் என்றார். அதனால் ஒவ்வொரு பிளாக்கின் நிலவறைக் குழாயிலும் ஒரு லிமிட்டர் ஏறியது. அந்தப் பிளாக்கின் பங்குக்கு மேல் ஒரு சொட்டு விடாத திருகு வால்வு அது. எங்கள் வீடு பனியன் சூட்டிலிருந்து சட்டை சூட்டுக்கு இறங்கியது. கஞ்சக்கா என்ற பேர் அன்றைக்குப் பிறந்ததுதான்.

அதோடு விட்டாரா? நடுங்கும் குளிரில் ஒரு பகல் பார்த்துக் கேபிளைத் தன் கையாலேயே பிடுங்கிச் சோதிக்கப் போவதாக வீடு வீடாகப் போய்ச் சொன்னார். வலியப் போய் ஏன் வம்பை இழுக்கிறீர்கள் என்று சங்கத் தலைவர் பதறினார்.

“எலி நம்மளக் கேட்டுட்டா கடிக்கும்? எல்லாரும் முழிச்சிருக்கும்போது நானே புடுங்கிப் பாத்துடறேன்.”

அந்த நாள் வந்தது. நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். அக்கா கேபிளைப் பிடுங்கினார். நான்கு பாய்லர்களும் அணைந்து, அறை நிசப்தமானது. தலைவர் வாயைத் திறக்கப் போனார், அக்கா கையமர்த்தினார். கொஞ்ச நேரத்தில் ஒன்று தானாகப் பற்றிக்கொண்டது. பிறகு அடுத்தது. நான்கும் எரிந்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஆனால் அத்தை வீட்டுக்குப் போய்த் தொட்டால் ரேடியேட்டர் ஆறிக்கொண்டே போனது. காத்திருந்து பார்த்தும் பிரயோஜனமில்லை. போதும், கேபிளை மாட்டுங்கள், இந்தப் பிளாக் தேறாது என்றார் தலைவர். அத்தை போர்வையை இழுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். இடுப்புச் சாவியை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது.

அக்கா ஜன்னல் பக்கம் போய் நின்றார். முற்றத்துக்கு அப்பால் முதல் பிளாக் முழுக்க ஜன்னல்கள் சாத்திக் கிடந்தன. ஒன்றே ஒன்று மட்டும் ஆவென்று திறந்திருந்தது. பச்சைத் திரை வெளியே பறந்தது. அது நான் தைத்த திரை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தலைவரிடம், “கேபிள் வெளியவே இருக்கட்டும். சோதனை இன்னும் முடியல,” என்றார்.

அக்கா படியிறங்கினார், நானும் பின்னாலேயே ஓடினேன். எங்கள் பிளாக் நிலவறையில் லிமிட்டரின் திருகு கோடிவரை தளர்ந்திருந்தது. மேலே போனால் என் வீட்டுக்காரர் பனியனோடு சோபாவில் சாய்ந்திருக்கிறார். எப்படியும் அணைத்துக் குளிரவிடப் போகிறீர்களே, அதற்குள் வீட்டைக் கொஞ்சம் சூடேற்றி வைத்துக்கொள்ளலாம் என்று காலையில்தான் திருகைத் தளர்த்தினாராம், பிறகு புழுங்கவே ஜன்னலையும் திறந்தாராம். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று வேறு கேட்டார். நான் கத்தியதை இங்கே எழுத முடியாது. அக்கா கத்தவில்லை. ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தார்.

“நீங்களே இறுக்குங்க தம்பி. இறுக்கிட்டு என்கூட வாங்க.”

அவரே இறுக்கினார். அக்கா அளவு பார்த்துச் சீல் வைத்தார். மூவரும் முற்றத்தைக் கடந்து ஐந்தாம் பிளாக் ஏறினோம். கேபிள் வெளியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. தலைவர் ரேடியேட்டரின் அடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மேல்கோட்டின் பொத்தானைக் கழற்றினார். இந்தப் பிளாக்கைப் பூட்டும் பேச்சு இனி இல்லை, நானே கூட்டத்தில் சொல்கிறேன் என்றார். அக்கா அப்போதுதான் உட்கார்ந்தார்.

அத்தை போர்வையை மடித்து வைத்துவிட்டு, வாசலில் நின்ற மகனை உள்ளே கூப்பிட்டு ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

“உன் வீட்டு ஜன்னல் இங்கருந்து நல்லாத் தெரியும்டா,” என்றார். “போன வருஷமும் பாய்லர் நிக்கிற வரைக்கும் தெறந்துதான் இருந்துச்சு. கட்டில்ல படுத்தபடி பாத்துக்கிட்டே இருந்தேன்.”

என் வீட்டுக்காரர் அந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு எழுந்து அதைச் சாத்தப் போனார்.