பீப்பாவின் மேல் உட்கார்ந்தவன்

மனைவி வீட்டில் இல்லாத ஒருவன், மனைவிமாரின் கள்ளக் காதல் பற்றி மேடையேறிக் கதை சொல்லக் கூடாது. இந்தச் சின்ன விஷயம் விளங்க எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகவேண்டியிருந்தது. அதுவும் கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் விளங்கியது.

மனைவி எங்கும் ஓடிவிடவில்லை. விட்பி நகரில் இருக்கிற மகளுக்குக் குழந்தை பிறந்தபோது பார்த்துக்கொள்ளப் போனவர். இங்கே கனடாவில் அதுதான் வழக்கம்: தாயைப் பிள்ளை பார்க்கக் கூப்பிடுவார்கள், தகப்பனை வீட்டுக்குக் காவல் வைப்பார்கள். மூன்று மாதம் என்றார்கள். குழந்தை இப்போது ஓடித் திரிகிறது. நான் மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்குக் காவல் இருக்கிறேன். ஒரு ஆளுக்குப் புட்டு அவிக்கிற அளவு இன்னும் பிடிபடவில்லை. இரவு அவித்தது மறுநாள் மதியமும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். தொலைக்காட்சியில் காலநிலை சொல்கிற பெண்ணுக்கு நான் ‘ஓம், ஓம்’ என்று பதில் சொல்லத் தொடங்கியபோதுதான் கொஞ்சம் பயந்தேன்.

கனடா வருமுன் பாரிசில் சில வருடம் உணவகத்தில் கோப்பை கழுவியவன் நான். அங்கே ஒட்டிய பிரெஞ்சு கொஞ்சம் மிச்சமிருந்தது. நூலகத்தில் இடைக்காலப் பிரெஞ்சுக் கதைகள் கொண்ட தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்தேன். எதைப் புரட்டினாலும் ஏறக்குறைய ஒரே கூத்து. துணி வியாபாரி குதிரையேறிச் சந்தைக்குப் போவான். மனைவியிடம் பாதிரியார் வருவார். வியாபாரி நேரத்தோடு திரும்பிவிட, பாதிரியார் பீப்பாவுக்குள் பாய்வார். அவள் ஒரு பொய்யை அவிழ்த்துவிடுவாள், அவன் நம்புவான், ஊர் சிரிக்கும். நானும் சத்தமாகத்தான் சிரித்தேன். வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்த மடையன் எனக்கு எங்கேயோ பழக்கப்பட்ட ஆள் போல் இருந்தான்.

அஜின்கோர்ட்டில் முதியோர் ஒன்றுகூடலில் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். கதையைக் கொஞ்சம் திருப்பினேன். என் வியாபாரி ஏமாறவில்லை. குதிரையைக் கட்டிவிட்டு வந்து பீப்பா மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டு மனைவியைக் கேட்கிறான்:

“இந்த ஆளோடு என்னதான் செய்கிறாய்?”

“பெரிதாக ஒன்றுமில்லை. சூப் குடிப்பார். நான் கதைப்பேன். பாதியில் எழும்பிப் போகமாட்டார்.”

கட்டிலில் கண்டிருந்தால் அடித்திருக்கலாம். இதற்கு யாரை அடிப்பது? அவள் ஆற்றுக்கு அப்பால் தமக்கை வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவன் வாசலைப் பார்த்தபடி இருக்கிறான்.

சிரிப்பு வரவேண்டிய இடத்தில் மண்டபம் அமைதியாகிவிட்டது. முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் கேட்டார்:

“பிறகு அவ திரும்பி வந்தவவோ, அண்ணை?”

“இன்னும் முடிவு வரேல்லைத் தங்கச்சி.”

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். “யோசிக்காதேங்கோ. இந்த நாட்டில இப்ப எல்லா வீட்டிலயும் உது நடக்குது.”

தேநீரோடு எனக்கு மட்டும் இரண்டு வடை கூடுதலாக வைத்தார்கள். வடையைச் சாப்பிட்டுவிட்டுத்தான், கார் நிறுத்துமிடத்தில், அது அனுதாப வடை என்பது உறைத்தது.

நான் ஹைவே ஏறாதவன். கார் இருக்கிறது, துணிவுதான் இல்லை. மருமகன் வந்து ஏற்றினால்தான் எனக்கு விட்பி. செய்திக்கு அந்தப் பயம் கிடையாது. நான் உள்வீதிகளால் உருட்டிக்கொண்டு வீடு வந்து சேருமுன் அது அங்கே போய்விட்டது. தொலைபேசி அடித்தது. மனைவி.

“இஞ்சாருங்கோ, நான் ஆரோ பாதிரியாரோட ஓடீட்டனாம்?”

“ஓடேல்லை. அவர் பீப்பாவுக்க இருந்தவர்.”

“உங்களுக்கென்ன விசரே?”

“கொஞ்சம்.”

சிரித்தார். அந்தச் சிரிப்பை அந்த வீட்டில் நாள் முழுக்க எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் குழந்தை ‘அம்மம்மா’ என்று இழுத்தது. ‘போனை வைக்கட்டே’ என்று சொல்லிவிடுவாரோ என்று பயம் வந்தது. எப்போது வீட்டுக்கு வாறீர் என்ற ஒரு கேள்வியைப் பனிக்காலம் முழுக்க வாயில் வைத்திருந்தேன். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? வியாபாரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“இஞ்சாரும், எல்லாரும் கதையின்ர முடிவைக் கேட்கினம். அந்த மனிசி வீட்டை திரும்பி வருவாவோ?”

குழந்தையை மகளிடம் கொடுக்கிற சத்தம் கேட்டது.

“ஏன், வந்து ஏத்திக்கொண்டு போக அந்தாளிட்டக் குதிரை இல்லையோ?”