ஜீப்காரருக்குப் போட்ட நெல்லுச் சோறு

பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைச் சொட்டுவிட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லாதவருக்கு நீலம் நீலமாகவே இருக்கும். காளியப்பனுடையது செங்கல் நிறத்துக்குப் போனது. மலையடிவார ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிது, எண்பதுகளின் தொடக்கம். மலைக்காரர் ஒருவருக்கு இந்த நிறம் வந்து நான் பார்த்ததே இல்லை. டியூபைக் கழுவிவிட்டு மறுபடி செய்து பார்த்தேன். அதே செங்கல்.

காளியப்பன் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கும் அடிவாரத்து ஆலங்காயத்துக்கும் ஜீப் ஓட்டியவர். புளி மூட்டையிலிருந்து பிள்ளைத்தாய்ச்சி வரை அவர் வண்டியில்தான் கீழே இறங்கும்.

டாக்டர் அவரிடம் பொறுமையாகவே சொன்னார். "சாமையும் கேவுரும் தின்னுட்டு மலை ஏறி எறங்கின உடம்புய்யா இது. இப்ப உக்காந்த எடத்துல அரிசிச் சோறு, சக்கர டீ. இன்சுலின்னு ஒரு ஹார்மோன் இருக்கு. உடம்பு வளர்றதுக்கும் அது வேணும், சக்கரைய அடக்கறதுக்கும் அது வேணும். இப்பிடியே தின்னா அது எத்தினி நாளைக்கு ஈடு குடுக்கும்? மாத்திரையப் போடு. பழையபடி சாமைக்கு மாறு."

காளியப்பன் டீயை விட்டார், மாத்திரையும் போட்டார். ஆனாலும் நிறம் இறங்கவில்லை.

மலேரியாவுக்கு ரத்த ஸ்லைடு எடுக்க ஒருநாள் நான் அவர் ஜீப்பில் மலைக்குப் போனபோதுதான் காரணம் புரிந்தது. ஒரு வீட்டில் புளி ஏற்றி முடித்ததும் அந்த வீட்டு அம்மா ராஜாத்தி இலை போட்டார். மலையில் நெல்லுச் சோறு என்பது விருந்தாளிக்கு ஆக்குவது.

"சாமச்சோறு இருந்தா போதும்மா," என்றார் காளியப்பன்.

"இன்னாண்ணா, நெல்லுச்சோறு ஆக்க வக்கில்லாத வூடுன்னு நெனச்சிட்டியா?" அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. காளியப்பன் போட்டதைச் சாப்பிட்டார். அடுத்த ஊரிலும் அதே கதைதான்.

"நோவுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன் திரும்பும்போது.

"சொன்னா எவன் சார் என்ன நம்பி வண்டி ஏறுவான்? நீங்களும் சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. நோயாளி சொன்னதை வெளியே விடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். நினைத்தாலும் மனசு ஆறவில்லை. பிறகு காளியப்பனுக்குப் பிரேக் மிதிக்கிற காலில் வந்த புண் ஆறாமல், வேலூரில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஜீப்பை விற்றார்.

அவர் வீட்டுக்குப் பார்க்கப் போயிருந்தேன். சர்க்கரை நோவு என்று தெரிந்து ராஜாத்தியும் வந்திருந்தார். வாசலில் என்னை நிறுத்தி, "எங்க வூட்ல தெனம் சாமதான் சார். இவுருக்காவத்தான் கீழேந்து நெல்லரிசி வாங்கியாந்து ஆக்கினேன்," என்றார்.

வேலையில் இருந்த வரைக்கும், சர்க்கரை என்று வந்த யாரிடமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதோடு நான் விட்டதில்லை. யார் போடுகிறார்கள், அவர்களைக் கூட்டிவர முடியுமா என்றும் கேட்பேன்.